படிக்கட்டு விளக்கை அணைத்தவன்

ஹலோ... ஆமாக்கா, நான்தான். பாத்துட்டேன். இப்பத்தான் டிவியில முடிஞ்சுது... ஆமா, போன வருஷம் எங்க படிக்கட்டுல வந்து எடுத்தாங்களே, அதே படம்தான்... உன் பொண்ணு பக்கத்துல இருக்காளா?... இருக்கட்டும், அவளும் கேக்கட்டும். அவ கட்டிக்கப்போறவனைப் பத்தித்தானே.

சொல்றேன், அவசரப்படாதே. கதாநாயகன் குத்துப்பட்டு எங்க வாசல்ல சுருண்டு கெடக்கான். ரத்தம் படிப்படியா இறங்குது. என்கூட உக்காந்து டிவி பாத்த எதிர்வீட்டம்மா தேம்பித் தேம்பி அழுவுறா. அப்போ மேலேருந்து ஒருத்தன் இறங்கி வர்றான்... ஆமா, நம்ம மாடிவீட்டு பல் டாக்டர். உன் வருங்கால மாப்பிள்ளை. வந்தான், ரத்தத்தை மிதிக்காம தாண்டினான், சுவத்துல இருக்கற சுவிட்சை டக்குனு அணைச்சான், போயிட்டான்.

... அவ்வளவுதான்க்கா. குனிஞ்சுகூடப் பாக்கலை. ஒருத்தனுக்கு உசிரு போகுது, இவனுக்கு கரண்ட் வீணாப் போகுதேன்னு கவலை. கதாநாயகன் பாவம், கடைசி வசனத்தை இருட்டுலதான் பேசினான்.

... நடிப்பா? நடிப்புன்னா நான் ஏன் வாயைத் தொறக்கறேன். டைரக்டர் சொன்னதே, தினமும் எப்படி இறங்குவீங்களோ அப்படி இறங்குங்கன்னுதான்... எனக்கு எப்படித் தெரியுமா? காதுல விழுந்துச்சு... கதவு மூடித்தான் இருந்துச்சு, அவரு சத்தமாச் சொன்னாரு. கதாநாயகன் எழுதிக் குடுத்ததைப் பேசறவன்க்கா, அவனை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஓரமா வந்துட்டுப் போறவன் கையைப் பாரு. அந்தக் கை பொய் சொல்லாது.

... என்னவாம் உன் பொண்ணுக்கு?... சாகறவனை நாலு பேர் வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு அணைச்சாரா? சரிதான். மனசுக்குப் பிடிச்சவன் தொட்டா சுவிட்சுக்குக்கூட இரக்கம் வந்துடும் போல. யாருடி அங்கே வேடிக்கை பாத்தா? ஈ காக்கா இல்லை.

அக்கா, நீ கேளு. இன்னிக்கே அவங்க வீட்டுக்குப் பேசி, வேண்டாம்னு சொல்லிடு. நாளைக்கு இவ ஜுரத்துல படுத்தா, ஃபேனை அணைச்சுட்டுப் போவான் அவன்.

... நீயே பாக்கறியா? அவ போன்லயா?... அதெல்லாம் எதுக்கு உனக்கு, சின்னத் திரை, கண்ணு வலிக்கும்... ஓடுதா... ம்... ம்... வந்துட்டானா... பாத்தியா, சுவிட்சு. நான் சொன்னேன்ல, இனிமே ஒண்ணும் இல்லை, நிறுத்திடு.

... ஏன் திரும்பப் பின்னாடி தள்ளுறா?... அவனுக்குப் பின்னாடி எங்க வீட்டுக் கதவா?... ஒருக்களிச்சு இருந்தா என்ன, காத்தா இருக்கும்... கையா?... கண்ணாடி வளையல் எத்தனையோ பேர் போடறாங்க... ஆமா... மிதியடியை உள்ளே இழுக்குது, ஆமா... ஆமாக்கா. பச்சை நைட்டி, நீ வாங்கிக் குடுத்ததுதான்... புது மிதியடிக்கா. அந்த ரத்தச் சாயம் பட்டா எத்தனை தடவை துவைச்சாலும் போகாது.

... என்ன சொன்னே?... அவன் விளக்கைத்தான் அணைச்சான், நான் கதவையே சாத்திட்டேனா? அக்கா, அது சினிமா. எழுந்து டீ குடிக்கப்போறவனுக்கு நான் என்னத்தைக் கண்ணீர் விட?

... சரி... சரி, அவனையே பேசி முடி. நான் ஏன் குறுக்க நிக்கறேன்... சந்தோஷம்தான். குரல்ல தெரியலையா?

... இரு இரு. படியில செருப்புச் சத்தம். மாப்பிள்ளையாத்தான் இருக்கும்... ஆமா, இப்போ மாப்பிள்ளைதானே. கூட யாரோ பேசற மாதிரி இருக்கு. ஒரு பொம்பளைக் குரல். வெச்சுடாதே, கதவை லேசா தொறந்து பாத்துச் சொல்றேன்... லேசாத்தான், லேசாத்தான்.

... அவரேதான். கையில ஒரு பை... யாருன்னு தெரியலை, பின்னாடி நிக்கறா... நின்னுட்டாரு. என்னைப் பாத்துட்டாரு... சிரிக்கறாரு... கை சுவத்துக்குப் போகுதுக்கா...

... ஒண்ணும் தெரியலை. கும்மிருட்டு... நீயும் உன் பொண்ணும் ஏன் சிரிக்கறீங்க?... ஹலோ... அக்கா... ஹலோ?