பெயருக்குக் கொடுத்த கனம்

பெயருக்குக் கனம் கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை ஐயா. பொறுமை இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, அதை நகலெடுத்து, ஒரு புள்ளி தள்ளி அடியில் வைக்க வேண்டும். அதற்கடியில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மேலே வெளிச்சமும் கீழே இருட்டுமாக நிறத்தை இறக்கினால், எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்கும். நான் செய்தால் ஒரு பெயருக்கு ஒரு நாள் போய்விடும். கரையான்சாவடியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும், நிர்மல் வேலை தனி என்பார்கள்.

உதயகுமார் எங்கள் கடையில் பேனர் கட்டுகிறவன். நிஷா ஆர்டர் எடுப்பவள். அவளிடம் என் மனசில் இருந்ததைச் சொன்னதில்லை; சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து என் மேஜைக்கு வந்தார்கள். கல்யாண பேனர் வேண்டுமாம். "எங்க பேருக்கு நல்லா கனம் குடு நிர்மல்" என்றாள் நிஷா. சரி என்று தலையாட்டினேன்.

அவன் பெயரைத்தான் முதலில் செய்தேன். தங்க நிறம் ஒட்டவே இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போடும் சாம்பல் நிறத்தை இறக்கிப் பார்த்தேன். அவ்வளவு பொருத்தம். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர் சாம்பலாகவே நின்றது. பஸ் கண்ணாடியில், சாப்பாட்டுத் தட்டில். செய்த வேலை வீணாகக் கிடந்தால் யாருக்குத்தான் நிம்மதி இருக்கும்? நிஷாவிடம் நேரமில்லை என்று சொல்லி, கல்யாண பேனரில் இரண்டு பெயரையும் தட்டையாகவே போட்டுக் கொடுத்தேன்.

மண்டப வாசலில் அதைக் கட்ட அவனே ஏணியில் ஏறினான். மாப்பிள்ளை ஏறலாமா என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தான். இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி என்னைக் கேட்டான்.

"இன்னா மச்சான், மேல ஒயர் போய்கினு கீது, லைன் ஆஃப் பண்ட்டாங்களா?"

"பண்ட்டாங்க மச்சான். தூக்கு."

நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவன் தூக்கினான்.

அன்று சாயங்காலமே அஞ்சலி பேனர் கட்டிவிட்டோம். அழ வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயரைப் பார்த்தார்கள். நிஷா மட்டும் எழுத்தைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். சாவு பேனர் அவசர வேலை, எந்தக் கடையிலும் தட்டை எழுத்துதான் என்பது அவளுக்குத் தெரியும். "கல்யாணத்துக்கு நேரமில்லன்னியே நிர்மல். இத எப்போ செஞ்சே?"

அதையேதான் நீங்களும் கேட்கிறீர்கள். சொல்லிவிட்டேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள் ஐயா, நான் அவனுக்கு மரியாதைதான் செய்தேன். இருந்தும் இந்த அறைச் சுவரிலும் அவன் பெயர் நிற்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு புள்ளி என் பக்கம் நகர்ந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

என் கம்ப்யூட்டரை எடுத்து வந்திருக்கிறீர்கள் அல்லவா? அதே ஃபைலில், கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைத்த இன்னொரு அடுக்கு, லேயர் என்போம், இருக்கும். நிஷாவின் பெயர். அதுவும் சாம்பல்தான். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. ஆசையாகக் கேட்டாளே, அவசரத்தில் அவளுக்கும் தட்டையாகப் போட்டுவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே முடித்து வைத்தேன்.