பதிவு சரியே

வந்த கடிதத்துக்கு அன்றன்றைக்கே பதில் எழுதிவிடுவது என் வழக்கம். அந்தத் தவணைக் கடன் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக என் மேஜையில் ஒரு கடிதம்கூட மறுநாளைக்குத் தங்கியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். வாங்கிய கடனை ஒருவர் ஒழுங்காகக் கட்டினாரா என்பது அவருடைய கடன் அறிக்கையில் இருக்கும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் தவறு இருப்பதாக யாராவது முறையிட்டால், கடன் கொடுத்த இடத்துக்கு அந்தக் கடிதம் வரும். எங்கள் நிறுவனத்துக்கு வருபவை என்னிடம் வரும். நான் கோப்பைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்குமேல் யாரும் பார்ப்பதில்லை.

தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவாள். அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டோம். பிரித்துக்கொண்டோம் என்றால், நான் சொன்னேன், அவள் மறுக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், பாதிச் சம்பளத்தை அனுப்பிவிடுகிறேன் என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். மறுநாள் அலுவலகத்தில் அவள் பெயரில் ஒரு சலவை இயந்திரத்துக்குக் கடன் போட்டேன். இயந்திரம் என்று எதுவும் கிடையாது, பதிவு மட்டும்தான். அவளுடைய அடையாள அட்டையின் நகல் என் பையில் இருந்தது. கையெழுத்து நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. பழைய தேதி போட்டு, ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்று குறித்துவிட்டு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினேன்.

அந்த ஊரில் வீடு தருவதாகச் சொன்னவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்தவரும் அப்படியே. அச்சகம் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. அவள் என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

"நான் வாங்காத மெஷினுக்கு என் பேர்ல கடன் இருக்காம்க்கா. உங்க கம்பெனிதான். கொஞ்சம் பாரேன்."

"அது வேற செக்ஷன். நீ முறைப்படி எழுதிப் போடு. நான் நடுவுல புகுந்தா உனக்குத்தான் சிக்கல்" என்றேன்.

எப்படி எழுத வேண்டும், என்னென்ன இணைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பத்து நாளில் அது சுற்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தது. ஓர் அடித்தல்கூட இல்லாத, அழகான கடிதம். 'சரிபார்க்கப்பட்டது. பதிவு சரியே' என்று அன்றே பதில் அனுப்பினேன்.

இப்படிப் பதினொரு கடிதம். பதில் வரும் நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள். "விடு, கொஞ்ச நாள் போகட்டும், இன்னொண்ணு எழுதலாம்" என்று நான்தான் தேற்றுவேன். இடையில் காகிதக் கடைக்காரர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். அறிக்கையைப் பார்த்தால் ஏமாற்றுக்காரி என்று நினைப்பாரே என்று கூச்சப்பட்டு இவளே ஒதுங்கிக்கொண்டாள். அதில் என் கை எதுவும் இல்லை.

அப்பாவுக்காகத்தானே செய்தீர்கள் என்று நீங்களே எனக்கு எடுத்துக்கொடுக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் நான்கு கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பழைய பதிவு ஏழு வருடத்தில் அறிக்கையிலிருந்து தானாக நீங்கிவிடும் என்பதால், போன வருடம் ஒரு தையல் இயந்திரமும் சேர்த்தேன்.

கடைசிக் கடிதத்தில் அவள் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள்: 'எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, தயவுசெய்து ஒரு மனிதர் இதைப் படிக்கவும்.' எனக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமான பதிலுக்குக் கீழே, தங்கள் விடாமுயற்சி பாராட்டத்தக்கது என்று நானே ஒரு வரி சேர்த்தேன். அந்த இரக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பதில் வந்து சேர்ந்த அன்று மாலை அவள் அதை என் முன்னால் வைத்தாள்.

"'விடாமுயற்ச்சி'ன்னு இருக்கு. முயற்சிக்கு நடுவுல 'ச்' வராதுக்கா. ஸ்கூல்ல படிக்கறப்பலேர்ந்து நீ மட்டும்தான் இப்படி எழுதுவே."

அவள் கத்தவில்லை. தன் அறைக்குப் போய்த் துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். கோபத்தில் எடுக்கிற முடிவு நன்றாக இருக்காது. அதனால் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். அவளுடைய போன் கூடத்தில் இருந்தது; அதையும் எடுத்து வைத்தேன்.

ஒன்பது நாள். அறையோடு குளியலறை உண்டு. ஜன்னல் கம்பி வழியாக வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கதவைத் தட்டினாள். மூன்றாம் நாள் திருத்த வேண்டிய தாள்களைக் கேட்டாள். பழைய நிலைக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதி. திருத்திக் கொடுத்ததை நானே கொண்டுபோய் அவளுக்கு வேலை தருகிற அச்சகத்தில் சேர்த்தேன். கொடுப்பதற்கு முன் புரட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவப்பு மை. பக்கத்துக்கு ஒரு சொல்லாக, 'அக்கா என்னைப் பூட்டி வைத்திருக்கிறாள்' என்று எழுதியிருந்தது என் கண்ணில் படவில்லை. அச்சகத்து மேலாளர் கண்ணில் பட்டு, அவர் உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறார்.

பதிவுகள் இரண்டும் பொய். பதில்கள் பதினொன்றும் பொய். பூட்டியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் கதவைத் திறந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவசரம், பாவம். ஆனால் இரண்டு நாளில் வந்துவிடுவாள். அப்போது வீட்டில் யாராவது இருந்தால் நல்லது. அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமே இல்லை.