பத்திரிகையில் போட ஒரு டாக்டர்

ஜன்னல் காற்று மடியிலிருந்த என் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாதோ என்று, தாம்பரத்தில் கிளம்பிய செங்கல்பட்டு மின்ரயிலில் இடம் மாறி உட்கார்ந்தேன். எதிரே ஓர் அம்மாவும், பிளஸ் டூ முடித்த மகளும்.

“நர்ஸிங் வேணாம்டி. பிசியோதெரபி படிச்சா கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடலாம்.”

“பின்னாடி பிராக்கெட்ல பிசியோதெரபின்னும் போடணும்மா.”

“பிராக்கெட்டை எவ படிக்கறா? நர்ஸுன்னா ஊரான் மூத்திரச் சட்டி தூக்கணும்.”

“பிசியோன்னா ஊரான் காலைப் பிடிக்கணும். அது பரவாயில்லையா?”

“டாக்டர் பிடிச்சா அது வைத்தியம்.”

மகள் கைப்பேசியை நீட்டினாள். “கவுன்சலிங்ல நர்ஸிங்கைத்தான் முதல்ல போட்டிருக்கேன். காலையிலேயே அனுப்பிட்டேன்.”

கூடுவாஞ்சேரி வரை அம்மா அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு, “அப்போ பத்திரிகையில வெறும் பேர்தானா?” என்றாள்.

“நீ வெச்ச பேர்தானேம்மா.”