பம்பு ஓடும் சத்தம்

இந்தச் சுவருக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது, ஐயா. ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டால் உங்கள் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டாது. தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

வேலை என்னவென்றால், காய்ந்துபோன சதுப்பு நிலத்தை மறுபடியும் சதுப்பாக்குவது. தண்ணீரைத் தேக்கினால் நாணல் வரும், பறவை வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தேக்கிய தண்ணீர் சும்மா இருக்குமா? மண்ணுக்கடியில் கசிந்து, ஓரத்துப் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்குப் போகும். அந்தக் கசிவை ஒரு கிணற்றில் சேர்த்து, இறைத்து, திரும்பச் சதுப்பிலேயே விட வேண்டும். அந்தப் பம்பு நிலையத்தை வடிவமைத்தவன் நான். பள்ளத்தில் கடைசி வீடு என் அக்காவுடையது.

அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது. யாராவது கைத்தாங்கலாகப் பிடித்தால்தான் வாசல் வரைக்கும் வருவாள். பம்பு முதன்முதலாக ஓடிய அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைக் கிண்டலடித்தாள்.

"ஒரு வாளித் தண்ணிய சிந்தாம தூக்கத் தெரியாது உனக்கு. உன்னை நம்பி இவ்வளவு தண்ணியக் குடுத்திருக்காங்க பாரு."

அப்படிச் சொன்னவள், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம், "என் தம்பி போட்டது" என்றும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பம்புகள் சின்னவை, ஐயா. அதை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். மண் எவ்வளவு கசியும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. நல்ல வெயில் காலத்திலேயே ஓய்வில்லாமல் ஓடின. பெருமழை வந்தால் தாங்காது. வெளியே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் சதுப்பைத் திறந்து வடித்துவிடுவார்கள், என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைக்கூட விடுங்கள். அக்கா தையல்காரரிடம் சொன்ன அந்த வார்த்தை என்னாவது?

மழைக்கு முன்னால் பள்ளத்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே காலி செய்துவிட்டால் நல்லது என்று பட்டது. அவர்கள் நன்மைக்குத்தான். கிணற்றில் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் ஏறி அதைத் தூக்கினால் பம்பு தானாக ஓடும். அந்த மிதவையை மேலே ஏற்றிக் கட்டினேன், வாரத்துக்கு ஒரு விரற்கடை. வீடுகளில் தரை பிசுபிசுத்தது. சுவர் உப்புப் பூத்தது. பிள்ளைகளுக்கு இருமல் விடவில்லை. தையல்காரரின் கைக்குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு வழியாகத் தேறியது. அந்த வாரமே அவர் கிளம்பிவிட்டார். தையல் மெஷினை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.

ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. என்கூட வந்துவிடு என்று கெஞ்சினேன். நிஜமாகவே கெஞ்சினேன், ஐயா.

"நீ போட்ட பம்பு இருக்கறப்ப நான் எதுக்குடா ஓடணும்? நானே போயிட்டா, தம்பி வேலைய அக்காவே நம்பலன்னு நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். சொல்லவில்லை.

மழை ஒரு மதியம் பிடித்துக்கொண்டது. நான் பம்பு நிலையத்தில் இருந்தேன். ஜன்னலில் அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. மிதவை அதற்குள் தண்ணீர் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கையால் போடும் சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டிருந்தால், ஆள் வந்து அவளைத் தூக்கிப்போகிற வரைக்குமாவது தண்ணீரை மட்டுப்படுத்தியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பம்பு ஓடியும் தண்ணீர் ஏறினால், பம்பு சின்னது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓடாமல் ஏறினால் மிதவை பழுது. மிதவை வேறு ஆள் வாங்கிப் போட்டது.

போன் வந்தது.

"டேய், கட்டில் கால் முங்குது. பம்பு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"சத்தமே கேக்கலியே."

"இந்த மழையில எப்படிக்கா கேக்கும்? காலைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுக்க. இப்ப வடிஞ்சுடும்."

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல."

"அதுவும் சரிதான்," என்றாள். "நீ நனையாத. உனக்கு உடனே சளி புடிச்சுக்கும்."

பேசிக்கொண்டே இருந்தோம். நான் சின்ன வயதில் வாளியைக் கவிழ்த்த கதையை மறுபடியும் ஆரம்பித்தாள். பாதியில் போன் நனைந்துவிட்டது போலிருக்கிறது.

மிதவை பழுது என்று மறுநாள் நான்தான் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அது உங்கள் தொழில், எனக்கு வருத்தமில்லை. மிதவையை ஏற்றிக் கட்டியது நான். சுவிட்சைப் போடாமல் நின்றது நான். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அக்கா கடைசி வரைக்கும் பயப்படவில்லை. பம்பு ஓடுகிறது, தம்பி இருக்கிறான் என்ற நிம்மதியோடுதான் போனாள். அந்த நிம்மதியையாவது என்னால் கொடுக்க முடிந்தது.

என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள், ரொம்ப நேரம் கத்தினாள் என்று மேட்டுத் தெருக்காரர்கள் உங்களிடம் சொன்னார்களாமே. இருக்காது, ஐயா. அந்த மழையில் அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?