பம்ப் அறையில் ஒன்பது நிமிடம்

எங்கள் அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் மோட்டார் போடுவது என் பொறுப்பு. யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்குப் போட்டு, மேல்தொட்டி நிறைந்ததும் நிறுத்துவேன். மூன்று வருடங்களில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. முதல் மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர் படியில் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இருக்கற வரைக்கும் எங்களுக்குத் தண்ணிக் கவலையே இல்லக்கா" என்பார். உங்களிடம் இப்போது வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

என் கணவர் எப்படி இறந்தார் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு நான் பார்த்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

போர் முடிந்தபோது ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் ஒரே ஒரு விஷயத்தில்தான் உடனே ஒத்துப்போனார்கள். துப்பாக்கி பிடித்த எல்லாரும் தங்கள் போர் நினைவுகளை ஒருமுறை ஒப்படைக்க வேண்டும், பதிலுக்கு மன்னிப்பு. காணாமல் போனவர்களைத் தேட உதவும் என்றார்கள். உதவவும் செய்தது. நான் நினைவுப் பதிவகத்தில் அவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். ஒருவரின் நெற்றியில் பட்டையைக் கட்டி, அந்த நாளில் கேட்ட சத்தத்தைக் கேட்க வைத்தால், நினைவு கிளம்பி வந்து கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் கூழில் படியும். கூழ் பால் போல வெளுக்கும். பிறகு நான் பட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கண்ணால் கண்டதை அப்படியே பார்ப்பேன். ஒரே முறைதான் பார்க்கலாம். பார்க்கப் பார்க்கக் கூழ் தெளிந்து, கடைசியில் வெறும் தண்ணீர் போலாகிவிடும். அதனால் நான் எழுதுவதுதான் ஆவணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுப்பவருக்கு அது பழைய நினைப்பு அல்ல. எடுக்கும் நேரம் முழுவதும் அவர் அங்கேயே இருப்பார், முதல் தடவை போலவே. அதனால் ஒரு நினைவை ஒருமுறைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி. மருத்துவர் கையெழுத்துப் போட்டால் இரண்டு முறை. மூன்றாவதற்குப் படிவமே கிடையாது.

என் மகள் டெலிபோன் கேபிள் இணைப்பவள். பத்தொன்பது வயதில் படைக்குக் கேபிள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது மாதம் 'காணவில்லை' என்று ஒரு வரித் தாள் வந்தது. அவளுடைய அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். தாளை நான் தனியாக வாங்கிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீ இடைவேளைக்கு முன்னால், எதிர்க்கரைச் சிப்பாய் ஒருவரின் குப்பியில் அவளைப் பார்த்தேன்.

ஒரு பம்ப் அறையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கேபிளாலேயே அவள் கையைக் கட்டியிருந்தார்கள். அவள் அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் கட்டினது யாரு? நான் கட்டியிருந்தா இதைவிட நல்லா கட்டியிருப்பேன்" என்றாள். சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார். ஷூவுக்குள் கல் இருக்கிறது என்றாள். அவர் குனிந்து கழற்றி, கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மாட்டிவிட்டார். "மெதுவா அண்ணே. புது ஷூ. எங்கம்மா பாத்தா என்னைய உரிச்சு எடுத்துருவாங்க" என்றாள். அப்புறம் வாக்கி-டாக்கியில் உத்தரவு வந்தது. அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். "ஒரு நிமிஷம் அண்ணே, முடி கண்ணுல விழுது" என்றாள். முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு செய்தார். மொத்தம் ஒன்பது நிமிடம்.

சொந்தக்காரர் முகம் தெரிந்தால் உடனே பட்டையைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். நான் கழற்றவில்லை. குறிப்பில் 'பெண். முகம் தெளிவில்லை' என்று எழுதினேன். என் முதல் தப்பு அதுதான். பிறகு டீ குடிக்கப் போனேன்.

குப்பியோடு வந்த அட்டையில் அவருடைய தொழில் இருந்தது: லிஃப்ட் மெக்கானிக். எங்கள் பதிவகக் கட்டடத்துக்கு வரும் கம்பெனிதான். லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு ஹேர்பின்னைப் போட்டேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு" என்றார், குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் மாதிரி. அடுத்த மாதமும் பின் விழுந்தது. அதற்கடுத்த மாதமும். சாவிகளை வைத்திருந்ததால் நாங்கள் 'பூட்டு' என்று கூப்பிடும் கிடங்குக்காரர், "மேடம், உங்களைப் பாத்தாதான் இந்த லிஃப்ட்டுக்குக் கால் ஓடல போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் உள்ளிருந்து கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து கேட்டது அன்றுதான்.

என்ன நினைத்து அவரை வரவழைத்தேன் என்று கேட்டால், தெரியாது. கத்தி எதுவும் வாங்கி வைக்கவில்லை. கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தேன். சாலையில் நடக்கும்போது வண்டி வரும் பக்கம் அவர் மாறிக்கொள்வார். நான் பேசும்போது கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஒருநாள், "நான் அந்தக் கரை ஆளு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்றார். "எந்தக் கரை லிஃப்ட்டா இருந்தாலும் மேலதான போகுது" என்றேன். இப்படியாக எங்கள் கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. என் தங்கை ஒருத்திதான் வந்தாள்.

அவரை நான் நேசித்தேன். இந்த வரியை நீங்கள் அடித்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மகளின் படங்களைத் தங்கை வீட்டில் வைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவரே சொன்னார்: "ஒரு பொண்ணு. பேரு என்னன்னுகூட நான் கேக்கல." நான், "ஆறிடும், சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார்.

ஆறு மாதம் நன்றாகவே போனது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கல் எந்தக் காலில் இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது. இடது காலா, வலது காலா? அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் அவள் குரல் தங்கையின் குரல் மாதிரி கேட்க ஆரம்பித்தது. அந்த ஒன்பது நிமிடம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அந்த இடம் என் பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தது.

பதிவகத்தில் கழித்துப்போட்ட, நினைவெடுக்கும் பழைய கைப்பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவருக்கு ஞாயிறு மதியம் தூங்கும் பழக்கம் உண்டு. டீயில் ஒரு தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார் அறை. மோட்டாரைப் போட்டதும் அவர் விரல்கள் மடங்கின. அவ்வளவு சுலபமாக வந்தது.

வலது கால்.

ஒருமுறை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த வாரம் அவள் காதில் தோடு இருந்ததா என்று சந்தேகம் வந்தது. பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டேன். கடைசி அரை நிமிடம் வருவதற்குள் நான் பட்டையைக் கழற்றிவிடுவேன். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் இல்லை நான். எடுப்பதைப் பாதியில் நிறுத்த முடியாது. முடிவு வரை ஓடினால்தான் கூழ் பிடிக்கும். ஆகவே அந்த அரை நிமிடத்தை நான் ஒருமுறை பார்த்தேன். அவர் அதற்குள் நூற்று நாற்பத்தொன்பது முறை இருந்தார்.

அவர் எழுந்ததும் முகம் துடைத்துவிடுவேன். "ஞாயித்துக்கிழமை தூங்கி எழுந்தா மட்டும் யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார். "வாரம் பூரா ஏறி இறங்குற உடம்பு" என்பேன். இரண்டாம் வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவர் ஏழாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. கம்பெனியில் மரியாதையாகப் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். மோட்டார் சத்தம் கேட்டால், எந்தக் கிழமையானாலும், போய்க் கை கழுவுவார். நான் எண்ணெய் தடவி அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவேன். தினமும் செய்தேன். டீச்சரே பார்த்திருக்கிறார்.

இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் தங்கை வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தெரிந்தது குப்பி வழியாக.

கடைசிக்கு முந்தைய ஞாயிறு. வழக்கம் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் வந்தது. புது ஷூ வந்தது. உத்தரவும் வந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. வாக்கி-டாக்கியை அணைத்துப் படியில் வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். அவள், "என்னண்ணே?" என்றாள். "போம்மா. உங்கம்மா காத்துக்கிட்டிருக்காங்க. ஷூ அழுக்கானா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பேசிக்கறேன்" என்றார். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, வாய்க்கால் ஓரமாக நடந்து போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சின்னதாகிச் சின்னதாகி, மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். பட்டையைக் கழற்ற வேண்டிய இடமே வரவில்லை.

தங்கைக்குப் போன் செய்தேன். "அவர்கிட்ட போட்டோ காட்டினியா?"

"ஏங்க்கா, காட்டக் கூடாதா? நீதான் பிள்ளையே இல்லன்னு சொல்லி வச்சிருக்க. மனசு கேக்கல, காட்டிட்டேன். மாமா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

"ஷூ புதுசான்னு கேட்டார்."

நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஒரு வார்த்தை அவர் என்னிடம் கேட்கவில்லை. ஞாயிறு சாப்பிட்டு முடிந்ததும், "டீ போடலையா?" என்று அவரே கேட்பார். டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. டீயில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். என் இடத்தில் இருந்தால் தெரியும். வாய்க்கால் ஓரமாக நடந்து போனவள் என் மகள் இல்லை. அவர் உருவாக்கியவள். அவள் நடை வேறு. என் மகள் இன்னும் வேகமாக நடப்பாள். அவள் அந்தப் பக்கம் நடக்க நடக்க, என்னுடையவள் படியிலிருந்து அழிந்துகொண்டிருந்தாள். ஆறு நாளும் அதையே நினைத்தேன். திருத்தியே ஆக வேண்டும்.

பட்டையின் அழுத்தத்தைக் கூட்டினால் மேலே படிந்தது விலகி, அடியில் இருக்கும் முதல் நினைவு வரும். பதிவகத்தில் நாற்பதுக்கு மேல் வைக்க மாட்டார்கள். கடைசி ஞாயிறு நான் எண்பதில் வைத்தேன். படுக்கும்போது அவர், "மோட்டார் போட்டுட்டியா?" என்று கேட்டார். "இனிமேதான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது நிமிடமும் ஓடியது. ஒன்பதாவது நிமிடம் முடியும்போது அவர் மூச்சு நின்றது. கூழ் பிடிக்க நான்கு நிமிடம் ஆகும். அதுவரை பட்டையை அசைக்கக் கூடாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் இல்லாமல் இருந்தது. நான்கு நிமிடம் முடிந்ததும் குப்பியை மூடிப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொல்வதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். குப்பி கெட்டிருக்கும்.

எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். ஹேர்பின்னிலிருந்து எண்பது வரை எல்லாம் நான் செய்தது. தங்கைக்கும் பூட்டுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கையெழுத்தும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குப்பி உங்கள் மேசைமேல் சாட்சிப் பொருளாக இருக்கிறது. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர்தான் பார்க்க முடியும். நான்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேனே, உங்களுக்கு அது இனித் தேவைப்படாது. என்னிடம் கொடுங்கள். இந்தத் தடவை நடுவில் கழற்றாமல் கடைசி வரை பார்ப்பேன். அவர் சுட்டிருப்பார் என்று நம்புகிறேன். என்மேல் அவ்வளவு பிரியமாக இருந்த மனிதர், கடைசியாக ஒரு தடவை எனக்காக இதைச் செய்யாமலா போயிருப்பார்.