டேட்டா பாஸுக்குச் சேர வேண்டிய பன்னிரண்டு பைகள்

தலைமை தாங்கும் நிஸார் முதலாளி அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முத்துவீரன் ஐயா அவர்களே, என்னோடு ரப்பர் பால் வெட்டும் தோட்டத்துச் சொந்தங்களே!

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொள்கிறேன். ஐயாவின் மகள், கேம்பஸில் இலைகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கிய நம் விஜயகலா, தன் வேலையெல்லாம் டேட்டாபேஸுக்குப் போகிறது என்று சொன்னபோது, மேஸ்திரியையும் ஆசாரியையும் வீடு கட்டுகிற பாஸ், மரவேலை பாஸ் என்று நாம் கூப்பிடுகிற மாதிரி டேட்டா என்றொரு பாஸ் இருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன்தானே! ஆறு மாதம் கழித்து, "அந்த பாஸுக்கு ஊரு கேகாலையா தங்கச்சி?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிளேன்டீ கொட்டியது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது டேட்டா பாஸ்தான்.

அது என்ன? இலைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றின் எடை என்ன, உருவம் என்ன, எந்த இலையில், எந்த மலையில் கிடைத்தது என்று எழுதி, உலகமே பார்க்கும்படி கணினியில் வைப்பது. பூட்டு கிடையாது, கேட் கிடையாது. கத்தி பட்டால் நாம் கசக்கி வைக்கிற இலை அதில் இருக்கிறது! நம் ஏழாம் நம்பர் மலை அதில் இருக்கிறது!

அவருக்கு இலை பறித்துக் கொடுக்கிற நான், ஒருமுறை ஒரு இலைப் பையில் மலை நம்பரை மாற்றி எழுதிவிட்டேன். அடைமழை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள், விடு என்றேன். அவர் அட்டைக்கடிக்குக் காலில் சோப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நாம பிழையா ஒன்னு போட்டா, அத நம்பி எங்கயோ ஒருத்தவங்க ஒரு வருஷம் வேல செய்வாங்க." ஏறிப்போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அவரா போய்விட்டார்? போன வியாழக்கிழமை என் வீட்டில் பன்னிரண்டு பை இலையைக் காயவைத்துவிட்டு, ஞாயிறு வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாராம். முப்பத்தாறு வயது! போனில் சொன்னவனைப் பகிடி விடாதே என்று ஏசினேன். இந்தத் தோட்டத்தில் பகிடி விடுகிறவன் நான்தானே? ஞாயிறு வந்தது. பைகள் இருந்தன. தங்கச்சி வரவில்லை.

முத்துவீரன் ஐயா, உங்கள் மகள் கை பட்ட கடைசி இலைகள் அவை. மிச்ச வேலையை அவருடைய கேம்பஸ் தோழி றமீலா மிஸ் முடித்துத் தருவார். இனி இலை பறிக்கவும், மலை நம்பரைப் பிழையில்லாமல் எழுதவும் இந்தச் சசி இருக்கிறான். இந்தச் சபை சாட்சி.

பைகளை நேற்றே கொழும்புக்குக் கொண்டுபோனேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேம்பஸ் வாசலில் காவலாளி கேட்டார். டேட்டா பாஸை என்று வாய் சொல்லிவிட்டது. அவர் மரவேலைக் கூடத்துக்கு வழி காட்டினார். அங்கிருந்த பாஸ் பன்னிரண்டையும் எண்ணி வாங்கி, கையெழுத்துப் போட்டுத் தந்தார். திரும்பி வந்து நம் யட்டியாந்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பைகள் அந்த மரவேலை பாஸின் ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே போய், எடுத்து றமீலா மிஸ்ஸிடம் கொடுக்கிறேன்.