டீசல் ஏறல

இல்ல தம்பி, டப்புன்னு நிக்கல. டப்புன்னு நின்னிருந்தா கரண்டு கோளாறுன்னு நானே ஒயர நோண்டிப் பாத்திருப்பேன். இது இழுத்து இழுத்து நின்னுச்சு. மேடு இல்ல, பள்ளம் இல்ல, காலி வண்டி, ரோடு பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. போய்க்கிட்டே இருக்கும்போது ஒரு குலுக்கு. மிதிச்சா வேகம் ஏறல. அப்புறம் ரெண்டு இருமல். ஓரங்கட்டறதுக்குள்ள உசிரு போயிடுச்சு. சீ, இன்னைக்கு வாயில நல்ல வார்த்தையே வர மாட்டேங்குது.

நீங்க இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நான் நெனைக்கல. பால் வேன்காரரு போற வழியில மெக்கானிக் கடை இருக்கு, சொல்லிட்டுப் போறேன்னாரு. மெக்கானிக்னா இதோ வரேன்னு சொல்லிட்டு பொழுது சாயத்தான வருவாங்க. நீங்க என்னடான்னா அவரு போன தூசி அடங்கறதுக்குள்ள பையோட வந்து நிக்கறீங்க.

சிரிக்காதீங்க, பழசுதான். என் பொண்ணுக்கு அக்கா முறை வேணும் இந்த வண்டி. புது வண்டின்னா கம்ப்யூட்டர் ஒயர சொருகினதும் எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிடும். இது சொல்லாது. நாமதான் வயித்தத் தடவித் தடவிப் பாக்கணும்.

ஸ்டார்ட் அடிக்கறேன், கேளுங்க. செல்ஃப் எப்படி சுத்துது பாத்தீங்களா? பேட்டரி மேல பழி போட முடியாது. ஆனா பின்னால எட்டிப் பாருங்க, ஒரு துளி புகை வரல. ஆமா, அதான். உள்ள டீசல் ஏறல. உங்களுக்குத் தெரியாததா. டேங்க்ல இருக்கு தம்பி, காலைலதான் போட்டேன். மூடியத் தொறந்து பாருங்க, உங்க மொகமே தெரியும்.

முதல்ல ஃபில்டரக் கழட்டுங்க. கீழ இந்த டப்பாவ வைங்க. தண்ணி இருக்கா? கொஞ்சம் இருக்கும். இந்தத் தண்ணிக்கெல்லாம் நிக்காதா? அதுவும் சரிதான். எதுக்கும் மாத்திடுங்களேன், சீட்டுக்கு அடியில புதுசு ஒண்ணு வச்சிருக்கேன். அட, மாத்துங்க தம்பி. நேரமானா ஆகட்டும்.

எங்க போகணுமா? ஆஸ்பத்திரிக்குத்தான். வீட்டுக்காரி கிடக்கா. ஐயையோ, நீங்க எதுக்கு இப்படிப் பதறுறீங்க, ஸ்பானர் விழுது பாருங்க. மொதல்லயே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அப்பவே ஸ்பானரக் கீழ போட்டிருப்பீங்க. அதான் சொல்லல.

துணி காயப் போட மாடி ஏறினவ பாதிப் படியிலயே உக்காந்துட்டாளாம். பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு, என்னக்கா படியில உக்காந்துட்டீங்கன்னு கேட்டிருக்காங்க. தலை பாரமா இருக்கு, இந்தத் துணிய மட்டும் கொஞ்சம் காயப் போட்டுடுங்கன்னாளாம். அவ்வளவுதான், அப்படியே சாஞ்சிட்டா. அந்தம்மா அவள விட்டுட்டு கையில துணிய வச்சுக்கிட்டு கத்தியிருக்காங்க. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாராம்.

நான் அப்ப எங்கயோ தூரத்துல லோடு எறக்கிக்கிட்டு இருக்கேன். திரும்பறதுக்கும் லோடு பேசியிருந்துச்சு. வேணாம் சாமின்னு காலியாவே கிளம்பிட்டேன். ராத்திரியெல்லாம் ஓட்டினேன். கண்ணுல தண்ணிய அடிச்சு அடிச்சு ஓட்டினேன். காலைல வரைக்கும் பறந்துதான் வந்தேன் தம்பி. வண்டியக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு தும்மல் கூட இல்ல.

பஸ்ஸா? போகுது. பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு போயிடுச்சு. ஒருத்தர் நிறுத்திக் கூட கேட்டாரு, வர்றீங்களா பெரியவரேன்னு. வண்டிய அனாமத்தா விட்டுட்டு எப்படிப் போறது? நீங்க பாத்துக்குவீங்களா? நல்ல மனசு. இருக்கட்டும். முதல்ல ஏர எடுத்துப் பாப்போமே. டீசல் பைப்புக்குள்ள காத்து புடிச்சிருந்தாலும் இப்படித்தான ஆகும்?

அந்தப் போல்ட்ட லேசா லூஸ் பண்ணிட்டு கை பம்ப அமுக்குங்க. நுரையா வருதா? ஒண்ணுமே வரலயா? அமுக்குங்க, நல்லா அமுக்குங்க. ஓ, அமுக்கினது மேல வர மாட்டேங்குதா. உள்ளயே புடிச்சு இழுக்குதா. பம்புக்குள்ள ஸ்பிரிங் கிஸ்பிரிங் ஒடஞ்சிருக்கும் தம்பி. அதப் பிரிச்சுப் பாத்துடலாம். இல்ல, டேங்க் பக்கம் இருக்காது. நீங்க பம்பப் பிரிங்க.

இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான்.

சொல்லும்மா. இல்லம்மா, அதே இடத்துலதான் நிக்கறேன். மெக்கானிக் வந்துட்டாரு. ஃபில்டர் மாத்தியாச்சு, இப்ப பம்பப் பிரிக்கறாரு. நீ ஏதாவது சாப்டியா? டீ குடிச்சா சாப்பாடு ஆயிடுமா? மாப்ளய வாங்கிட்டு வரச் சொல்லு. ம். ம். அம்மா எப்படி... சரி. சரிம்மா, நீ அழாத. டாக்டர் எது வரைக்கும் இருப்பாராம்? சாயங்காலம் கிளம்பிடுவாரா. அப்புறம் நாளைக்குத்தானா. ம். என்னம்மா பண்றது, வண்டி நின்னுடுச்சு. இரு, அவருகிட்டயே குடுக்கறேன், கேட்டுக்கோ. இந்தாங்க தம்பி, வண்டி நின்னுதான் கிடக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா மனசு ஆற மாட்டேங்குது அவளுக்கு.

சொல்லிட்டீங்களா? நல்லது. அரை மணியில அனுப்பிடறேன்னு எதுக்குச் சொன்னீங்க? அதெல்லாம் சொல்லக் கூடாது தம்பி. அவ கடிகாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா.

பம்பு நல்லாதான் இருக்கா? ஸ்பிரிங்கும் நல்லாருக்கா? அப்படியா.

இதுக்கு முன்னாடி இந்த மாதிரி நின்னுருக்கு, ஒரே ஒரு தடவ. அது பெரிய கூத்து. பொண்ணக் கட்டிக் குடுத்ததுக்கு அப்புறம் வீட்ல தனியா என்ன பண்ணுவேன்னு வீட்டுக்காரியும் சில லோடுக்கு என்கூடவே கிளம்பிடுவா. கேபினுக்குள்ள அந்த இஞ்சின் மூடி இருக்கு பாருங்க, அது மேல ஒரு போர்வைய நாலா மடிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துக்குவா. சூடு தாங்காதுடின்னா, குளுருக்கு இதமா இருக்குங்கறா. வெயில் காலத்துலயும் அதே பதில்தான். ஒரு நாள் நடுக்காட்டுல வண்டி நின்னுடுச்சு. ஏர எடுத்தேன், ஃபில்டர ஊதினேன், ஒண்ணும் ஆகல. வெறுத்துப் போயி, டேங்க் மூடியத் தொறந்து டீசல் இருக்கான்னாவது பாருடின்னேன். தொறந்தா பாருங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாம்புன்னு நெனச்சு, மூடியத் தூக்கிப் போட்டுட்டு ஒரே ஓட்டம். நான் பின்னாலயே கத்தறேன், பாம்பு இல்லடி, காத்துடின்னு. மூடியில இருக்கற சின்ன ஓட்டை அடைச்சிருக்கு, டீசல் குறையக் குறைய உள்ள காத்து போக வழி இல்ல, வண்டிக்கு மூச்சு முட்டிடுச்சு. தொறந்ததும் ஒரே அடியில எடுத்துக்கிச்சு. ஆனா அந்த மூடியத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டிடுச்சு.

இன்னைக்கு அதுவா? இல்லல்ல. நீங்க தொறந்தப்ப சத்தமே வரலயே. ஓட்டையும் சுத்தமாத்தான் இருக்கு.

ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. இவ அந்த இஞ்சின் மூடி மேல சாஞ்சான்னா ரெண்டு நிமிஷத்துல தூக்கம். என்ன சத்தம் போடும் இந்த இஞ்சினு! அடுத்த ஆளு பேசறது கேக்காது. அந்தச் சத்தத்துல அசந்து தூங்குவா. குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல குதிக்கும், ஹாரன் அடிப்பேன், எழுந்திருக்க மாட்டா. ஆனா வண்டிய நிறுத்தி சாவியத் திருகினேன்னு வைங்க, அந்த நிமிஷம் கண்ணத் தொறந்துடுவா. வந்துட்டமான்னு கேப்பா. சத்தம் இருந்தா தூக்கம், நின்னா முழிப்பு. எல்லாரும் ஒரு தினுசுன்னா இவ ஒரு தினுசு.

அதத்தான் நான் காலைல டாக்டருகிட்ட கேட்டேன். பொண்ணு போனக் குடுத்தா. இப்ப மெஷின்தான மூச்சு விட வைக்குது, அந்த மெஷின நிறுத்தினா முழிச்சுக்க மாட்டாளான்னு கேட்டேன். பைத்தியக்காரக் கேள்விதான்.  பாவம், அந்த மனுஷன், நீங்க நேர்ல வாங்க, பேசிக்கலாம்னாரு.

ஆமா தம்பி. அந்த நெலமையிலதான் இருக்கா. மூளையில ஒரு அசைவும் இல்லயாம். ரெண்டு மூணு தடவ சோதிச்சுப் பாத்துட்டாங்க. நெஞ்சு மட்டும் ஏறி எறங்குதாம், தூங்கற மாதிரியே இருக்காளாம். பொண்ணு போன்ல காட்டறேன்னா, வேணவே வேணாம்னுட்டேன். மெஷின எடுத்துடலாம்னு எல்லாரும் பேசி முடிச்சாச்சு. மாப்ள, வீட்டுக்காரியோட தம்பி, எல்லாரும். பொண்ணு ஒருத்திதான், எங்கப்பா வந்து பாக்கற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுன்னு கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ பேச்சுக்கு கட்டுப்பட்டு அத்தன பேரும் நிக்கறாங்க.

அதனால அவசரம் இல்ல தம்பி. நீங்க நிதானமா பாருங்க. நான் போகாம அங்க ஒண்ணும் ஆரம்பிக்க மாட்டாங்க.

என்ன, கையத் தொடச்சுட்டு உக்காந்துட்டீங்க? இந்தாங்க, தண்ணி குடிங்க. உங்க மொகம் எதுக்கு இப்படிப் போகுது. உங்களுக்கு யாராவது... அம்மாவா? எப்போ? ஓ. நீங்க போய்ச் சேரறதுக்குள்ளயா. சரி, சரி. அதுக்காக என்ன அடிச்சுத் தொரத்தாதீங்க. போகணும்தான். எனக்குத் தெரியாதா? இன்னைக்கில்லன்னா நாளைக்கு. நாளைக்குன்னா இன்னொரு ராத்திரி அந்த மெஷின் ஓடும். அவ்வளவுதான் என் கணக்கு. உங்க பொண்ணு அங்க தனியா கிடந்து சாகுதுன்னு சொல்றீங்க. ம். 

டேங்க்ல இருந்து வர்ற பைப்பக் கழட்டிட்டீங்களா. ஊதிப் பாருங்க. டேங்க்ல குபுகுபுன்னு கேக்கணும். கேக்கலயா. காத்தே போகலயா. அப்ப அடைப்பு டேங்க் வாசல்லதாங்கறீங்க.

எங்க போறீங்க? கீழ சேறு தம்பி, சட்டை வீணாகும். அங்க ஒண்ணும் இருக்காது, நான் பாத்துட்டேன். தம்பி. அட, சொன்னா கேளுங்க.

சரி. போயிட்டீங்க. ஸ்டெப்னிக்குப் பின்னால கைய விடுங்க. டீசல நிறுத்தற வால்வு ஒண்ணு தட்டுப்படும். மூடியிருக்கும், இறுக்கமா.

நான்தான் மூடினேன்.

டாக்டருகிட்ட பேசிட்டு கொஞ்ச தூரம் ஓட்டினேன். அப்புறம் ஓரமா நிறுத்தி, எறங்கி, மூடிட்டு, மறுபடி ஏறி ஓட்டினேன். ஃபில்டர்ல மிச்சமிருந்த டீசலுக்கு எது வரைக்கும் வருமோ அது வரைக்கும் வரட்டும்னு. வந்துச்சு, இந்தப் புளியமரம் வரைக்கும். பொண்ணுகிட்ட வண்டி நின்னுடுச்சுன்னு சொல்லணும் பாருங்க. நிக்காம எப்படிச் சொல்றது? அவகிட்ட நான் பொய் பேசினதில்ல. நீங்க அவகிட்ட சொன்னதும் பொய் இல்ல, பயப்படாதீங்க. நின்னுதான் இருக்கு.

திட்டணும்னா வெளிய வந்து திட்டுங்க. பால் வேன்காரருகிட்ட ஆள அனுப்பச் சொன்னதும் நான்தான். மூணு நாலு தடவ அடியில போய்ப் படுத்துப் பாத்துட்டேன் தம்பி. கை அந்த வால்வு வரைக்கும் போகுது, அப்புறம் திருக வர மாட்டேங்குது. நீங்க தொறந்துடுங்க.